முடிவெடுத்தவளுக்குத் தள்ளுபடி இல்லை

ஜனவரி 11

அன்புள்ள அண்ணிக்கு,

போனில் சரியாகவே பேசுவதில்லை என்று அண்ணனிடம் என்னைப் பற்றிக் குறைப்பட்டீர்களாம். இங்கே எங்கள் கையில் இருப்பது அலுவலகம் கொடுத்த போன். ஒட்டுக் கேட்கிறார்களோ இல்லையோ, கேட்கிறார்கள் என்று நினைத்துத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அறையில் என்னோடு இருக்கும் இரண்டு பேரும் இதே அலுவலகம். அதனால்தான் கடிதம். உங்களுக்கு நூல்கண்டு அனுப்பும் மொத்தக் கடை என் விடுதிக்கு அடுத்த தெரு. சரக்கு மூட்டையோடு என் கடிதமும் லாரியில் வரும். தபால் செலவு மிச்சம் என்று நீங்கள் சந்தோஷப்படுவீர்கள் என்று தெரியும்.

வேலை இதுதான். எங்கள் தலைவி இந்தத் தேர்தலில் நிற்கிறார். பெண்கள் ஓட்டு மட்டும் எங்கள் பிரிவின் பொறுப்பு. பெண்களை மொத்தமாக வைத்துப் பேச முடியாதாம். பிரித்து, பெயர் வைத்து, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு அட்டை எழுதிச் சுவரில் மாட்டுகிறோம். அடுக்குமாடியில் இருந்துகொண்டு, பிள்ளை விளையாட இடம் இல்லையே என்று கவலைப்படுகிறவர்கள் 'பால்கனி அம்மாக்கள்'. சந்தையில் சொந்தமாகக் கடை போட்டிருப்பவர்கள் 'கல்லாப்பெட்டி அம்மாக்கள்'. இரண்டாவது பெயர் நான் வைத்தது. உங்களை நினைத்துத்தான்.

இன்னொன்றும் நடந்தது. எங்கள் மேலாளரைக் கணக்குப்புலி என்று கூப்பிடுவார்கள். எந்த அட்டைக்கு என்ன வாக்குறுதி என்று அவர் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, நீங்கள் கடையில் எனக்குச் சொல்லிக் கொடுத்ததைச் சொன்னேன். எடுத்த பொருளைக் கீழே வைக்காமல் விலை கேட்கிறவள் முடிவெடுத்துவிட்டாள், அவளுக்கு விலையைக் குறைக்காதே. எடுத்து, வைத்து, வாசலைப் பார்க்கிறவளுக்குக் குறை. அவர் கைதட்டிவிட்டு, 'முடிவெடுத்தவளுக்குத் தள்ளுபடி இல்லை' என்று பலகையில் பெரிதாக எழுதிவைத்தார். இன்னும் அழிக்கவில்லை.

கல்லாப்பெட்டி அம்மாக்கள் இப்போது 'தயங்குகிறவர்கள்' வரிசையில் இருக்கிறார்கள். அதனால் நம் சந்தையை இடிக்கும் திட்டத்தை நிறுத்துவதாகத் தலைவி வாக்குக் கொடுக்கப்போகிறார். நம் சந்தைக்கே வந்து சொல்வார். ஏற்பாட்டை நீங்கள் முன்னின்று செய்ய முடியுமா?

அன்புடன்,
உங்கள் வாயாடி


ஜனவரி 20

அன்புள்ள வாயாடிக்கு,

கடிதம் கிடைத்தது. பழுப்பு நூல் கேட்டிருந்தேன், சாம்பல் நிறம் வந்திருக்கிறது. அந்த மொத்தக் கடைக்காரரைப் பார்த்தால் கண்ணாடியை மாற்றச் சொல்.

நீ வைத்த பெயரை இங்கே சொல்லிப் பார்த்தேன். என் கடை வாசலில் மெஷின் போட்டிருக்கும் தையல்காரி, "எனக்குக் கல்லாவும் இல்ல, பிள்ளையும் இல்ல. பிஸ்கட் டப்பா சித்தின்னு எழுதிக்கச் சொல்லுங்க" என்றாள். செருப்புக்காரி, "நான் குடியிருக்கிறதே ஒரு வீட்டுப் பால்கனியைத் தடுத்துத்தான். என்னைக் காலையில ஒரு அட்டையில, ராத்திரி ஒரு அட்டையில மாத்தி மாத்தி மாட்டுவாங்களா?" என்கிறாள். சிரித்து முடித்துவிட்டு அவரவர் வியாபாரத்தைப் பார்க்கத் திரும்பினோம். எதிர்த் தூணில் ஒட்டியிருக்கும் இடிப்பு அறிவிப்பு எங்கள் எல்லோருக்கும் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிகிறது.

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. இந்தச் சந்தை போனால் எனக்கு வேறு இடம் கிடையாது. பொத்தானும் ஜிப்பும் லேசும் யாரும் தேடி வந்து வாங்கும் பொருள் இல்லை. பஸ்ஸை விட்டு இறங்கி, செருப்பு வாங்க வந்தவள் கண்ணில் பட்டால்தான் வியாபாரம். தனியாக ஒரு தெருவில் கடை வைத்தால் ஈ ஓட்ட வேண்டியதுதான். உன் அண்ணனுக்கு முதுகு போன பிறகு வீடு இந்தப் பொத்தானில்தான் ஓடுகிறது என்பது உனக்கும் தெரியும்.

இங்கே வந்து கும்பிடு போட்டுப் போனவர்களை எண்ணி முடியாது. எவரையும் நான் நம்பியதில்லை. ஆனால் இந்தத் தடவை உள்ளே இருப்பது நீ. தலைவியை வரச் சொல். வந்தால் என் கடை முன்னால்தான் நிற்க வேண்டும். அந்த வியாபாரத்தையாவது எனக்குப் பார்த்துக் கொடு.

உன் அண்ணி


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

பதினொன்றாம் தேதி தலைவி வருகிறார். முதல் நாளே வேனில் ஏப்ரன்கள் வரும். மஞ்சள் நிறம், முன்னால் இரண்டு பெரிய பை, நெஞ்சில் 'நான் கல்லாப்பெட்டி அம்மா' என்று அச்சடித்திருக்கும். விருப்பப்பட்டவர்கள் கட்டிக்கொள்ளட்டும். நான் உங்கள் நாத்தனார் என்று பத்திரிகைக்காரர்களிடம் மட்டும் சொல்ல வேண்டாம். இங்கே கணக்குப்புலிக்குத் தெரியும், அவர் ஒன்றும் சொல்லவில்லை.

நானும் வரலாம் என்று கேட்டுப் பார்த்தேன். பலகையை விட்டு நகர முடியாது என்றார்கள்.

வாயாடி


பிப்ரவரி 14

என் வாயாடிக்கு,

நீ வந்திருக்க வேண்டும்.

உங்கள் தலைவி காரை விட்டு இறங்கி நேராக என் கடைக்குத்தான் வந்தார். முக்காலியில் உட்கார்ந்து, லேசை எடுத்து முழம் போட்டுப் பார்த்தார். தப்பாகத்தான் போட்டார், போகட்டும். கேமராக்காரர்கள் எல்லாம் படம் எடுத்து முடித்துத் திரும்பிய பிறகும் தையல்காரியின் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை. அதைத்தான் நான் கவனித்தேன். கேமரா போன பிறகு கை எங்கே இருக்கிறது என்று பார்ப்பது என் வழக்கம். "இது உங்க பிறந்த வீடும்மா. பிறந்த வீட்டுல யாரு கை வைப்பாங்க? நான் இருக்கிற வரைக்கும் ஒரு செங்கல் நகராது" என்றார். செருப்புக்காரி அழுதுவிட்டாள். அவள் கடனுக்குச் செருப்பு கேட்டவனைக்கூட அழவைத்து அனுப்புகிறவள், உனக்குத் தெரியுமே.

அதன் பிறகு நான் சும்மா இருக்கவில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று இழுத்தவர்களின் கடைக்கெல்லாம் நானே போய் உட்கார்ந்தேன். "என் நாத்தனா உள்ள இருக்கா. அவளை வளர்த்த கை இது. நான் சொல்றேன்ல" என்றேன். ஒருத்தி விடாமல் ஏப்ரன் கட்டியாயிற்று. எதிர்க்கட்சிக்காரர் நோட்டீஸ் கொடுக்க வந்தார். ஒரு கடையிலும் கை நீட்டி வாங்கவில்லை. மனிதர் கட்டோடு திரும்பிப் போனார். மாடியிலிருந்து பார்த்தால் சந்தை முழுக்க மஞ்சளாகத் தெரிகிறதாம், எதிர் அடுக்குமாடியின் மூன்றாவது மாடிக்காரி சொன்னாள். பள்ளிச் சட்டைக்குப் பொத்தான் வாங்க வருவாளே, அவள்.

உன் பெயரைக் காப்பாற்றிவிட்டேன். மொத்தச் சந்தையும் உங்கள் பக்கம் என்று உன் கணக்குப்புலியிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொல்.

உன் அண்ணி

பின்குறிப்பு: அந்த ஏப்ரன் பை நல்ல தையல். சில்லறை போட வசதியாக இருக்கிறது.


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

படங்கள் பார்த்தேன். அலுவலகமே பார்த்தது. நன்றி.

ஒன்று சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. கொஞ்சம் அடக்கி வாசிக்க முடியுமா? எல்லோரும் தினமும் ஏப்ரன் கட்ட வேண்டாம். அந்த எதிர்க்கட்சிக்காரரை இரண்டு பேராவது கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுங்கள். இந்த வாரம் கருத்துக் கேட்டு ஒரு பெண் போன் செய்வாள். யாருக்கு ஓட்டு என்று கேட்டால், 'இன்னும் முடிவு செய்யவில்லை' என்று சொல்லுங்கள். எல்லோரும் அப்படியே சொல்ல வேண்டும். காரணம் கேட்காதீர்கள். நேரில் சொல்கிறேன்.

தயவுசெய்து.

வாயாடி


மார்ச் 2

வாயாடிக்கு,

லாரி வழியில் படுத்துவிட்டதாம். உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அந்தப் போன் அதற்கு முன்பே வந்து போய்விட்டது.

யாருக்கு ஓட்டு என்று அந்தப் பெண் கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை, தலைவிக்குத்தான் என்றேன். மாற வாய்ப்பு உண்டா என்று கேட்டாள். "செத்தாலும் மாறாதும்மா, எழுதிக்கோ" என்றேன். செருப்புக்காரி போனை வாங்கி, சந்தையே அதிர அதையே கத்தினாள். ஒவ்வொரு கடைக்கும் போன் வந்தது. பரீட்சையில் முதல் மார்க் வாங்கியது போல் எல்லோரும் வந்து என்னிடம் ஒப்பித்தார்கள். இப்போது நீ முடிவு செய்யவில்லை என்று சொல்லச் சொல்கிறாய். என்னடி இது? நான் உனக்காக ஊரைக் கூட்டினேன். நீ என்னைத் திருட்டு முழி முழிக்கச் சொல்கிறாய்.

சரி, அதை விடு. இன்று காலையில் மூன்றாவது மாடிக்காரி வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "அக்கா, எங்க பிள்ளைங்களுக்குப் பூங்கா வருது" என்று ஒரு நோட்டீஸை நீட்டினாள். உங்கள் தலைவி படம்தான். என் கடையில் லேசைப் பிடித்துக்கொண்டு சிரித்தாரே, அதே சேலை, அதே சிரிப்பு. லேசை மட்டும் வெட்டி எடுத்துவிட்டார்கள். கீழே, 'பால்கனி அம்மாக்களே, உங்கள் வீட்டு எதிரில் ஒரு பச்சைப் பூங்கா' என்று போட்டிருந்தது.

அவர்கள் வீட்டு எதிரில் என்ன இருக்கிறது? சந்தைதான் இருக்கிறது.

நான் பொத்தானை எண்ணிப் போட்டுக்கொண்டே இருந்தேன். அவளுக்கே உறைத்திருக்கும் போல. "உங்களைச் சொல்லல அக்கா, சந்தையைத்தான் சொன்னேன்" என்றாள். நல்ல பெண்தான். அவள் பிள்ளைகள் மாடிப்படியில் பந்து விளையாடுவதை நானே பார்த்திருக்கிறேன்.

பூசி மெழுகாமல் எழுது. என்ன நடக்கிறது?

அண்ணி


மார்ச் 7

அண்ணி,

மெழுகாமல் எழுதுகிறேன்.

சுவரில் மூன்று வரிசை. தயங்குகிறவர்கள், கையில் இருப்பவர்கள், கிடைக்க மாட்டார்கள். நீங்கள் ஏப்ரன் கட்டிய படம் வந்த அன்றே கணக்குப்புலி உங்கள் அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்துத்தான் அப்படி எழுதினேன். போன் கணக்கு வந்தது. நூற்றுக்கு நூறு என்று யாரோ விசில் அடித்தார்கள். அவர் அட்டையைக் 'கையில் இருப்பவர்கள்' வரிசையில் மாட்டினார்.

அடுத்த நிமிடமே பால்கனி அம்மாக்களுக்கு என்ன கொடுப்பது என்று பேச்சு. அவர்கள் இன்னும் தயங்குகிறார்கள். உங்கள் தெருவில் அவர்களுக்குக் கொடுக்க இருக்கும் இடம் ஒன்றே ஒன்று. நான் எழுந்து, அங்கேதான் தலைவி வாக்குக் கொடுத்தார் என்றேன். கணக்குப்புலி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. திரும்பி, பலகையில் இருந்த உங்கள் வாக்கியத்தின் கீழே விரலை வைத்தார். "நீங்க சொன்னதுதானேம்மா" என்றார். "உங்க அண்ணி கோபப்படுவாங்க. பட்டுட்டு யாருக்குப் போடுவாங்க? எதிர்க்கட்சி ஜெயிச்சா அங்க வணிக வளாகம் கட்டப்போறாங்க. இதைவிட மோசம். அவங்களுக்குப் போக இடம் இல்ல" என்றார்.

நான் என் மேஜைக்குத் திரும்பி,  வாக்குக் கொடுத்த பேச்சு எங்கே என்று தேடினேன். வலைத்தளத்தில் உங்கள் படம் இருக்கிறது, பேச்சு இல்லை.

வேலையை விட்டுவிட வேண்டும் என்றுதான் தோன்றுகிறது. விட்டால் அந்த அட்டையைப் பற்றிப் பேச அறையில் ஒருத்திகூட இருக்க மாட்டாள். இப்படிச் சொல்லிக்கொள்கிறேன்.

வாயாடி


மார்ச் 24

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணனுக்குப் படித்துக் காட்டினேன். வழக்கம்போல் பேப்பரை மடித்து வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தார்.

எனக்கு உன் கணக்குப்புலி மேல் கோபமே வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். கடை வைத்த நாளிலிருந்து எந்த மொத்த வியாபாரியிடமும், 'இந்தச் சரக்கு எனக்குப் பிடித்துவிட்டது' என்று முகத்தில் காட்டியதில்லை. பிடித்த லேசைக் கையில் எடுக்கவே மாட்டேன். பக்கத்தில் இருக்கும் மட்டமான லேசை எடுத்துப் புரட்டுவேன், போகிற போக்கில் பிடித்த லேசின் விலையைக் கேட்பேன். அப்படிப்பட்டவள், சந்தை முழுவதற்கும் மஞ்சள் துணியைக் கட்டிவிட்டு, 'நாங்கள் வாங்கிவிட்டோம், வாங்கிவிட்டோம்' என்று தெருவே கேட்கக் கூவியிருக்கிறேன். ஏன்? எதிரில் நிற்பது வியாபாரி என்று தோன்றவில்லை. நீ நிற்பது போல இருந்தது.

சொல்லிக் கொடுத்ததும் நான்தான். ஏமாந்ததும் நான்தான். இதை எங்கே போய்ச் சொல்ல.

சும்மா உட்காரவும் இல்லை. ஏப்ரனை எல்லாம் கழற்றினோம். எதிர்க்கட்சிக்காரரை நானே வீடு தேடிப் போய்க் கூப்பிட்டேன். வந்தார். நாற்காலி போட்டோம், டீ வாங்கிக் கொடுத்தோம். "நாங்க இன்னும் முடிவு பண்ணலைங்க" என்றேன். வாய் கூசியது. அவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். நான், செருப்புக்காரி, தையல்காரி, நடுவில் உங்கள் தலைவி. "நீங்க அவங்க ஆளுங்கம்மா. உங்ககிட்ட செலவு பண்ற நேரத்துல நான் நாலு மாடி ஏறி இறங்கிடுவேன்" என்று டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார். அவருடைய சுவரில் நாங்கள் 'கிடைக்க மாட்டார்கள்' வரிசையில் இருக்கிறோம் போல.

அவர் போனதும் செருப்புக்காரி, "உன் நாத்தனா பேச்சைக் கேட்டு நீ ஆடினே, உன் பேச்சைக் கேட்டு நாங்க ஆடினோம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். மறுநாள் நான் கடை திறக்க வந்தபோது வாசல் வெறிச்சென்று இருந்தது. தையல்காரி மெஷினைத் தூக்கிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டாள். நூல் தீர்ந்தால்கூட என்னிடம் வருவதில்லை. சந்தை இன்னும் நிற்கிறது. நான் மட்டும் அதில் இப்போதே இல்லை.

அட்டையைப் பற்றிப் பேச ஆள் வேண்டும் என்று அங்கே இருக்கிறாயாம். பேசு.

அண்ணி


மே 5

அண்ணி,

ஜெயித்துவிட்டோம். 'விட்டோம்' என்று எழுதக் கூசுகிறது.

உங்கள் சாவடியின் கணக்கை முதலில் பார்த்தேன். நீங்கள் எல்லோரும் எங்களுக்கே போட்டிருக்கிறீர்கள். கணக்குப்புலி அதை என்னிடம் காட்டிவிட்டு, சொன்னேனே என்பது போல லேசாகத் தலையை ஆட்டினார். எதிரியாக ஆட்டவில்லை. பாடம் நன்றாக ஏறியதா என்று பார்க்கும் வாத்தியார் போல ஆட்டினார்.

வேலையை விடவில்லை. சம்பளத்தை உயர்த்தி, அடுத்த தேர்தலுக்கும் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெண்கள் பிரிவுக்கே பொறுப்பு. வேண்டாம் என்று சொல்லப் போனேன். வெளியே போனால் எனக்கு என்ன வேலை தெரியும்? பெயர் வைக்கத் தெரியும், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அடுக்குமாடிகளிலிருந்து வாழ்த்துக் கடிதங்கள் வருகின்றன. சந்தைகளிலிருந்து ஒன்றுகூட வரவில்லை. அந்த அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்கள். எங்கே வைத்தீர்கள் என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்கள்.

ஊருக்கு வரட்டுமா? 'உன்னை மன்னித்துவிட்டேன்' என்று ஒரு வரி எழுதினால் போதும், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். எழுதுவீர்களா?

உங்கள் வாயாடி


ஆகஸ்ட் 18

நாத்தனாருக்கு,

பதில் எழுத நேரமில்லை. பொத்தானைக் காலி செய்வது லேசான வேலை இல்லை. பெட்டியைத் தூக்கினால் அடி விட்டுப் போகிறது. உருண்டு ஓடியதைப் பொறுக்கி முடிப்பதற்குள் இடுப்பு விட்டுப் போகிறது.

போன வாரம் இடித்துவிட்டார்கள். நான் போய்ப் பார்க்கவில்லை. சத்தம் வீடு வரைக்கும் கேட்டது. இப்போது வீட்டு முன்னறையில் பெட்டிகளை அடுக்கி வைத்திருக்கிறேன். வாசலில் பலகை மாட்டியிருக்கிறேன். வழி கேட்டுத்தான் ஆட்கள் வருகிறார்கள். உன் அண்ணன் முதல் ஆளாக ஒரு பொத்தான் வாங்கினார். அவருக்கே உரிய நகைச்சுவை. நான் விலையைக் குறைக்கவில்லை.

செருப்புக்காரி அடுக்குமாடிக்குக் கீழே நடைபாதையில் விரித்தாள். பூங்கா வேலை நடக்கிற இடத்தில் கடை கூடாது என்று இரண்டு தடவை அள்ளிப் போட்டார்கள். மூன்றாவது தடவை விரிக்கவில்லை. அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் சொல்லமாட்டாள். தையல்காரி ஆயத்த ஆடைக் கம்பெனியில் காலர் தைக்கிறாள். போவதற்கு முன்னால் ஒரு நாள் வாசலில் வந்து நின்றாள். கையில் அந்த ஏப்ரன்கள், மூட்டையாகக் கட்டியிருந்தாள். எழுத்து இருந்த பக்கத்தை உள்ளே திருப்பி மடித்து, அந்தப் பெரிய பைகளை மட்டும் விட்டு, எல்லாவற்றையும் சாமான் போடும் பையாகத் தைத்திருந்தாள். "பொத்தான் போட்டு வைக்க ஆகும்" என்றாள். உட்காரச் சொன்னேன். "ஷிப்ட் இருக்கு" என்று போய்விட்டாள். அதில்தான் பெரிய பொத்தான்களைப் போட்டு வைத்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் எழுத்து உள்ளிருந்து தலைகீழாகத் தெரிகிறது.

எப்படி உங்களுக்கே போட்டோம் என்று ஆச்சரியப்பட்டிருக்கிறாய். வேறு சின்னத்தில் குத்த வேண்டும் என்றுதான் நான் போனேன். உள்ளே நின்று பார்த்தால், ஒரு பக்கம் பூங்கா, ஒரு பக்கம் வணிக வளாகம். எங்கள் சந்தை இருந்த பக்கம் அந்தத் தாளில் இல்லை. வெளியே வரிசை நின்றது. உன்னுடைய சின்னத்தில் குத்திவிட்டு வந்தேன். கணக்குப்புலிக்கு எங்களைத் தெரிந்த அளவுக்கு எங்களுக்கே எங்களைத் தெரியாது.

முந்தாநாள் போனில் ஒரு சின்னப் பெண். அடுத்த தேர்தலுக்கு இப்போதே கணக்கெடுக்கிறார்களாம். உன் பிரிவுதானே? என்ன தொழில் என்று கேட்டாள். பொத்தான் வியாபாரம் என்றேன். "கடை எங்கம்மா?" என்றாள். வீட்டிலேயே என்றேன். "அப்ப உங்களை வீட்டிலிருக்கும் அம்மாக்கள்ல போட்டுக்கறேன்" என்றாள். அந்தப் பெயரும் நீ வைத்ததா என்று தெரியவில்லை. அவர்களுக்கு என்ன தருவீர்கள் என்று கேட்டேன். அது அவளுடைய வேலை இல்லையாம். யாருக்கு ஓட்டு என்று கேட்டாள். நீ சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னேன். அரசாங்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டாள், அதற்கும் அதையேதான் சொன்னேன். வாய் கூசவில்லை. பழகிவிட்டது.

கடைசிக் கடிதத்தில் நீயும் ஒன்று கேட்டிருந்தாய். உன்னை வளர்த்தவள் நான். அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் கையில் பிடித்துக்கொண்டே நின்றால் என்ன ஆகும் என்று இந்த வருஷம் தெரிந்துகொண்டேன்.

இன்னும் முடிவு செய்யவில்லை.

அண்ணி